அந்தக் கோட்டைக் கதவை மட்டும் திறந்துவிடு

அன்பு மகளுக்கு,

அழகியும் மிருகமும் கதையைத் தழுவி நீ எழுதும் காதல் கதையின் அத்தியாயங்களை எல்லாம் படித்துவிட்டேன். அப்பா படிக்கப்போகிறார் என்பதால் முத்தக் காட்சிகளை எடுத்துவிட்டு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அதெல்லாம் வேண்டாம்மா. அழகியும் மிருகமும் கதையை 1740-இல் பிரான்சில் கப்ரியேல்-சூசான் தெ வில்நெவ் என்ற அம்மையார் வெளியிட்டபோது, அது பெரியவர்களுக்கு எழுதிய கதையாகத்தான் இருந்தது. நூறு பக்கத்துக்கு மேல் போகும். அதில் வரும் மிருகம் இரவுதோறும் அவளிடம் கேட்பது, உன்னோடு படுத்துக்கொள்ளட்டுமா என்றுதான். 1756-இல் லெப்ரன்ஸ் தெ போமோன் என்ற இன்னொரு அம்மையார், சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், கதையைச் சுருக்கி எழுதினார். அப்போதுதான் அந்தக் கேள்வி என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று மாறியது. நாமெல்லாம் சிறு வயதில் கேட்டது இந்தச் சுருக்கத்தைத்தான். ஆகவே உன் முத்தங்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. மூலத்தைவிட நீ அடக்கமாகவே எழுதியிருக்கிறாய்.

என்னை உறுத்துவது அந்தக் கோட்டைக் கதவு. உன் அரக்கர் தலைவன் அதை மந்திரத்தால் பூட்டிவிடுகிறான். அவளிடம் ரத்தத்தில் கையெழுத்து வாங்குகிறான். அவன்மேல் காதல் வந்தால்தான் பூட்டுத் திறக்குமாம். அப்புறம் அவன் காயங்களுக்கு அவள் மருந்து போடும் காட்சியை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! அந்தக் கிழிந்த சிறகை அவள் தொடும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வரியை இரண்டாம் முறையும் படித்தேன். ஆனால் என் கண் கதவின் மேலேயே இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற பெண் "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது" என்று சொன்னால், அதை அவன் எப்படி நம்புவான்? படிக்கிற நான் எப்படி நம்புவது?

பழைய கதையும் மிரட்டலில்தான் தொடங்குகிறது, நான் மறுக்கவில்லை. அவள் அப்பா ஒரு ரோஜாவைப் பறித்ததற்கு அவர் உயிரைக் கேட்கிற மிருகம் அது. ஆனால் போமோன் எழுதியதை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார். அப்பாவுக்குப் பதிலாக ஒரு மகள் வரலாம், ஆனால் அவளாக விரும்பி வரவேண்டும் என்பதுதான் மிருகத்தின் நிபந்தனை. அவள் வந்ததும் அது கேட்கிற கேள்வியும் அதுதான்: மனதார வந்தாயா? அப்பா திரும்பிப் போன அன்று இரவு அவள் சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கலாமா என்று அனுமதி கேட்கிறது. இங்கே எஜமானர் நீங்கள்தானே என்கிறாள் அவள். இல்லை, இங்கே எஜமானி நீதான், போ என்று சொன்னால் உடனே போய்விடுவேன் என்கிறது மிருகம். நான் அவலட்சணமாக இருக்கிறேன் இல்லையா என்று கேட்டால், ஆமாம், எனக்குப் பொய் சொல்ல வராது என்று பட்டென்று பதில் சொல்கிறாள். மூன்று மாதம் அந்தக் கல்யாணக் கேள்விக்கும் முடியாது என்றே சொல்கிறாள். முடியாது என்று சொன்னதற்காக அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடக் குறையவில்லை. எனக்கு இதைவிடக் காதல் ததும்பும் இடம் அந்தக் கதையில் வேறில்லை.

அப்புறம் கோட்டையில் இருக்கும் மந்திரக் கண்ணாடியில் அப்பா ஏங்கி நோயில் கிடப்பதைப் பார்க்கிறாள், போகவேண்டும் என்கிறாள். மிருகம் விட்டுவிடுகிறது. நீ திரும்பி வராவிட்டால் துக்கத்திலேயே செத்துப்போவேன், ஆனாலும் உன்னை வருத்தப்படவிட மாட்டேன் என்கிறது. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று போனவளை அக்காக்கள் அழுது நடித்து நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் நாள் இரவு கனவில் மிருகம் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எழுகிறாள். மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் கோட்டைக்குப் போய்விடலாம் என்று மிருகம் சொல்லி அனுப்பியிருந்தது. யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. அவளாகத்தான் வைக்கிறாள்.

உன் கதையில் இந்த இடமே இல்லை. பிரிவு வந்தால் விறுவிறுப்பு குறைந்துவிடும் என்று நினைத்தாயோ? காதல் கதை படிக்கிறவர்களுக்கு ஏக்கம்தானே சாப்பாடு. அவளை நடுவிலேயே ஊருக்கு அனுப்பிவிடு. சாபத்தின் வலி அவளுக்கு வேண்டாம், அவனுக்கு இருக்கட்டும். அவள் தள்ளிப் போகப் போக அவன் சிறகு ஒவ்வொன்றாக உதிரட்டும், அது அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். ரத்த ஒப்பந்தம் வேண்டும் என்று அடம்பிடித்தால், கையெழுத்தை அவனைப் போடச் சொல்.

இன்னொன்று. வில்நெவின் கதையில் ஒரு சரக்கு இருக்கிறது, அதை ஏன் யாருமே சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று தெரியவில்லை. இரவில் அவள் கனவில் ஓர் அழகான இளவரசன் வருகிறான். அவள் அவனைக் காதலிக்கிறாள். பகலில் மிருகத்தின்மேல் பரிவு வளர்கிறது. மிருகத்துக்குச் சரி என்றால் கனவுக்காரனுக்குத் துரோகமோ என்று தவிக்கிறாள். இரண்டு பேரும் ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியாது! கண்ணால் பார்ப்பதை நம்பாதே என்று கனவில் வேறு சொல்கிறார்கள். போமோன் இதைத் தூக்கிவிட்டார். சிறுமிகளுக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம். உனக்கு அந்தத் தயக்கம் வேண்டாமே. நீ நுழைத்திருக்கிற அந்தப் படைத்தளபதி எனக்கு ஒட்டவே இல்லை. முக்கோணக் காதலுக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை.

கடைசியாக அப்பா விஷயம். உன் கதாநாயகியின் அப்பா குடிகாரன், சூதாடி, மகளைப் பணயம் வைக்கிறவன். இந்த மாதிரிக் கதைகளில் அப்பாக்கள் எல்லாம் ஏன் இப்படியே வருகிறார்கள்? என் கட்சியையும் கொஞ்சம் கேள். போமோனின் வியாபாரிக்கு மகளை அனுப்பும் எண்ணமே இல்லை. சாவதற்கு முன் பிள்ளைகளை ஒருமுறை கட்டிக்கொள்ளலாம் என்றுதான் வீட்டுக்கு வருகிறார். கிளம்புகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பது மகள். மிருகம் கொடுத்த தங்கத்தைப் பற்றிக்கூட மற்றப் பிள்ளைகளிடம் மூச்சு விடாமல், அவளிடம் மட்டும் சொல்கிறார். மகளைத் தடுக்கத் தெரியாமல், தடுக்கவும் முடியாமல், கூடவே கோட்டைவரை போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருகிற ஒரு மனிதனைச் சூதாடியைவிட எழுதுவது கஷ்டம். உன்னால் முடியும்.

போமோனின் கதையில் அக்காக்களைக் கடைசியில் சிலையாக்கிவிடுவார்கள், உள்ளே நினைவு மட்டும் இருக்கும். அது கொடூரம், நீ அதை விட்டுவிட்டது நல்லது.

திருத்திய பிரதி வரட்டும். அவள் ஊருக்குப் போகிற அத்தியாயத்தை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். அம்மாவுக்கும் ஒரு பிரதி வேண்டுமாம், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பு.

அன்புடன்,
அப்பா