அம்மாப்பேட்டை மாடி அலுவலகத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சின்ன வரைகலை அலுவலகம் அம்மாப்பேட்டை மாடியில் வேலையைத் தொடங்கிவிட்டது. வந்து பார்க்கிறவர்கள் ஜன்னலைத் தொட்டுப் பார்த்து, மேசையைத் தடவிப் பார்த்து, "நல்லா யோசிச்சிருக்கீங்க" என்று எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்கு வந்து சேர வேண்டியது. பழைய பொருட்களைக் கொண்டே உள்ளலங்காரம் முழுவதையும் செய்ய வேண்டும் என்ற ஆசை எங்களுடையது. எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்ற அறிவு உங்களுடையது.

வீட்டுக்கார அய்யா, முதலில் உங்களுக்கு. கீழே உங்கள் தறி ஓடிக்கொண்டிருக்க, மேல்தளத்தை எங்களை நம்பி விட்டீர்கள். அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்த ஜக்கார்டு அட்டைகளை, அதாவது எந்த டிசைனை நெய்ய வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டைகளை, பழைய பேப்பர்காரருக்குப் போடும் எண்ணத்தில் இருந்தீர்கள். நாங்கள் கேட்டதும் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துக் காட்டினீர்கள். குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல், நீளவாக்கில் ஓடும் நூல், மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். 1804-ல் பிரான்சில் உருவான முறை, சேலத்துப் பட்டுக்கு எத்தனை கரையும் முந்தானையும் தந்திருக்கிறது! கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்த பிறகு இந்த அட்டைகளுக்கு வேலை குறைந்துவிட்டது என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கியதை மறக்க முடியவில்லை. கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை விதித்தீர்கள்: "வரிசை கலையாம தொங்க விடுங்க. நாளைக்கு யாராச்சும் அந்த டிசைனை நெய்யணும்னா அப்படியே எடுத்துக்கலாம்." அப்படியேதான் மேற்கு ஜன்னல்களில் திரையாகத் தொங்குகின்றன. நூல் கோர்ப்பு ஒன்றைக்கூட நாங்கள் அறுக்கவில்லை. சாயங்கால வெயில் ஓட்டைகளின் வழியே வந்து தரையில் கோலம் போடுகிறது. பார்ப்பவர்கள் இதைத்தான் முதலில் படம் எடுக்கிறார்கள்.

தச்சர் அண்ணா, பழைய மரக்கடையில் உங்களோடு நின்ற பொழுதுகள் எங்களுக்குப் பள்ளிக்கூடம். இடித்த வீட்டு உத்திரம் எல்லாமே தேக்குதான் என்று கடைக்காரர் சொன்னாலும், நீங்கள் முனையைச் செதுக்கி, முகர்ந்து, சுத்தியலால் தட்டிக் கேட்ட பிறகே தலையசைப்பீர்கள். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே உளுத்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவீர்கள். வைரம் பாய்ந்த கட்டையை மட்டும் எடுத்தீர்கள். அதன்மேல் காந்தத்தை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர்கள். ஓர் ஆணி மிச்சமிருந்தாலும் ரம்பம் போய்விடும், கைக்கும் ஆபத்து. பல வருடம் வெயிலும் மழையும் பார்த்து ஈரம் வற்றிய மரம், இனி முறுக்கிக்கொள்ளாது என்று நீங்கள் சொன்னதை, ஒரு கோடைக்காலம் முழுவதும் அசையாமல் நின்ற எங்கள் மேசைகள் உறுதிப்படுத்திவிட்டன.

பெயிண்ட் கடைத் தம்பி, பழைய கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போன எங்களை, தூசியில் ஈய விஷம் இருக்கலாம் என்று தடுத்தாய். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருந்ததோ! தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டச் சொன்னாய், எல்லோருக்கும் முகக்கவசம் வாங்கி வந்தாய். இதைப் படித்துவிட்டுப் பழைய கதவு வாங்கப் போகும் யாரும் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

செங்கல் அக்கா, இரண்டு கல்லை ஒன்றோடொன்று மோதி, டங்கென்று ஒலித்ததை மட்டும் அடுக்கினீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் கல்தான் முழுசாகப் பிரிந்து வரும், சிமெண்டில் கட்டியது உடைந்தே போகும் என்பது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. இலவசமாகக் கிடைத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை "அதை உடைச்சா தூசி நெஞ்சுக்குள்ள போயிரும், வேண்டாங்க" என்று திருப்பி அனுப்பியதும் நீங்கள்தான். எங்கள் எல்லோருடைய நுரையீரலுக்கும் சேர்த்து நன்றி.

ஏற்காட்டுத் தோட்டத்து மேஸ்திரி அண்ணாவுக்கு: 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த காபியின் சாக்குகள் இப்போது எங்கள் சுவரில் இருக்கின்றன. வெறும் சுவரும் தளமுமாக இருந்தபோது நான்கு பேர் பேசினாலே அறை முழக்கமிட்டது. மரச் சட்டத்துக்குள் மில் கழிவுப் பஞ்சை அடைத்து, மேலே சாக்கை இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டியதும் எதிரொலி அடங்கிவிட்டது. சாக்குகளை நல்ல வெயிலில் காயவைத்த பிறகே கட்டித் தந்தீர்கள். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி எடுத்தது எங்கள் வேலை; பூச்சி அண்டாது, தீ பிடித்தாலும் வேகமாகப் பரவாது.

எலக்ட்ரீஷியன் தம்பி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்ச் போர்டு பக்கத்தில் சாக்கே கூடாது என்றான். "மத்ததெல்லாம் பழசா இருக்கட்டுங்க, ஒயர் மட்டும் புதுசுதான்" என்று பிடிவாதமாக நின்று, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையும் மாட்டிவிட்டுத்தான் போனான். அந்தப் பிடிவாதத்துக்கு நன்றி, தம்பி.

குழாய்களை விளக்குத் தண்டாக வெட்டித் தந்த பழைய இரும்புக் கடை அண்ணனுக்கும், மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை மாடிவரை சுமந்தவர்களுக்கும், வேலை நடந்த நாளெல்லாம் தூசியைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

செலவு மிச்சமாச்சா என்று பலர் கேட்கிறார்கள். பொருளுக்குக் கொடுத்தது குறைவு, கூலிக்குக் கொடுத்தது அதிகம். பிரிக்கவும் ஆணி பிடுங்கவும் துடைக்கவும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒட்டுப்பலகைக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்கும் எங்கோ போயிருக்கும் பணம் இந்த ஊர்க் கைகளுக்கே வந்தது. அதுதான் சரி என்று உறுதியாக நம்புகிறோம்.

இதேபோல் செய்து தரச் சொல்லிச் சிலர் எங்களிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் சம்மதம் கேட்டு, உங்கள் எண்களையே அவர்களுக்குத் தருகிறோம். நடுவில் நாங்கள் நிற்க மாட்டோம். கூலியை நீங்களே பேசுங்கள், குறைத்துக்கொள்ள வேண்டாம். மிச்சமிருக்கும் தேக்குத் துண்டுகளையும் நாட்டு ஓடுகளையும் மொட்டை மாடியில் மூடி வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாடி அலுவலகத்தார், அம்மாப்பேட்டை, சேலம்