ஓவர்சீயர் ஐயாவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

தெருவாசிகள் அனைவருக்கும் நலச்சங்கத்தின் வணக்கம்.

நம் தெருவில் போட்ட தார்ச்சாலையை மறுபடி அளந்து பார்க்கச் சொல்லும் உத்தரவு நேற்று சாயங்காலம் கைக்கு வந்தது. இந்த மூன்று மாதமும் எப்படிக் கழிந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நன்றி, பெயர் போடவே கூடாது என்று சொல்லிவிட்ட ஓய்வுபெற்ற ஓவர்சீயர் ஐயாவுக்கு. 2022 ஏப்ரலில் நம்மைப் போன்ற ஊர்களில் சொத்து வரி 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியதிலிருந்து, "வரியைக் குறையுங்கள்" என்றே மனுக் கொடுத்து வந்தோம். அந்த வரி எங்கே ஒழுகுகிறது என்று காட்டத் தெரியவில்லை.

ஐயா யாரும் கூப்பிடாமலே வந்தார். தகவல் மனுவின் வரைவை வாங்கி, "ஏன் வீண்செலவு செய்தீர்கள்" என்றிருந்த நான்கு கேள்விகளையும் அடித்தார். கோப்பில் இருப்பதைத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியும். "ஏன்" என்றால் கையை விரித்துவிடுவார்கள். அந்த இடத்தில் சாலை வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) மூன்றின் நகல் வேண்டும், பிரிவு 2(ஜே)-படி வேலையை நேரில் பார்த்து மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத வைத்தார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினோம். 30 நாளில் பதில் இல்லையென்றால் காத்திருக்காமல் முதல் மேல்முறையீடு போடச் சொன்னார்.

எம்-புக் வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கித்தான் பில். 200 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் என்றால் 30 கன மீட்டர். அகலம் உண்மையில் மூன்றரைதான் என்றால் 28. போடாத இரண்டு கன மீட்டருக்கும் பணம் போய்விடும். துணி டேப் இழுத்தால் நீளும் என்று தன் ஸ்டீல் டேப்பைக் கொடுத்தார். பத்து மீட்டருக்கு ஓரிடம் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஓரத்தில் தார் எப்போதும் மெலிந்திருக்கும், அதை வைத்துக் கனத்தைப் பேசினால் நம் வாதமே விழுந்துவிடும். சாலையில் உருளையாகத் துண்டு எடுத்து, அதாவது கோர் வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

பழைய தாரை 40 மில்லிமீட்டர் சுரண்டியதாகவும் அதே அளவு புதிதாகப் போட்டதாகவும் எம்-புக்கில் எழுதியிருந்தது. அப்படியென்றால் சாலை உயர்ந்திருக்கவே கூடாது. சாக்கடை மூடியோ இரண்டு விரற்கடை பள்ளத்தில் கிடந்தது. சுரண்டாமலே மேலே போட்டுவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. மூடி முன்பே தாழ்ந்திருக்கலாம், வேலைக்கு முந்தைய படம் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள் என்று தடுத்ததும் அவர்தான்.

அந்தப் படத்தைக் கொடுத்த அக்காவுக்கு நன்றி. பொங்கல் கோலத்துக்காக எடுத்தது. ஓரத்தில் சாலை மட்டத்தோடு அந்த மூடி தெளிவாகத் தெரிகிறது. நகலுக்குக் காசு வாங்காத ஜெராக்ஸ் கடைத் தம்பி, வெயிலில் டேப்பின் மறுமுனையைப் பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் கடைசிவரை எழுந்து போகாத அம்மாக்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இனி எந்தத் தெருவில் வேலை தொடங்கினாலும் முதல் நாளே மூடியையும் வாசற்படியையும் படமெடுத்து வைப்போம். ஐயா டேப்பைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். அது சங்க அலமாரியில் இருக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.