சிந்தசைசர் மேடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

மதுரை இசை ரசிகர்களுக்கும், எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும் அன்பு வணக்கம்.

தல்லாகுளத்தில் நாங்கள் நடத்திய சிந்த்-பாப் (சிந்தசைசர் எனும் மின்னணுக் கீபோர்டை மையமாக வைத்த பாப் இசை) கச்சேரி நல்லபடியாக முடிந்தது. மேடையில் தெரிந்தது நாலு பேர்தான். பின்னால் இருந்தவர்களையும் ஏற்றியிருந்தால் மேடை கொள்ளாது. அன்று இரவு மண்டபத்தைக் காலி செய்து சாமான்களை ஏற்றும் அவசரத்தில் யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தன் டிஎக்ஸ்7 சிந்தசைசரை எங்களிடம் நம்பிக் கொடுத்த ஐயாவுக்கு. எண்பதுகளிலிருந்து மதுரை வட்டாரத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசித்தவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யமஹா 1983-இல் வெளியிட்ட கருவி அது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் கணீரென்று விழும் எலக்ட்ரிக் பியானோ, மணி, பாஸ் ஒலிகள் பலவும் அதிலிருந்து வந்தவை. அதே ஒலிகளைத் தரும் மென்பொருள் லேப்டாப்பிலும் உண்டு. நாங்களும் அதில்தான் பழகினோம். ஆனாலும் 14 கிலோ கனமுள்ள அந்தக் கருவியின் முன்னால் நின்று வாசிக்கும்போது கை வைக்கும் விதமே மாறிவிடுகிறது. பரணிலிருந்து இறக்கி, சுற்றியிருந்த போர்வையைப் பிரித்துக் கொடுத்தவர், "மழையில மட்டும் நனைய விட்றாதீங்க தம்பி. மத்தபடி எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். வேறு எந்த நிபந்தனையும் இல்லை.

இறக்கியபோது அது உருப்படியாக ஒலிக்கவில்லை. டிஎக்ஸ்7-க்குள் 32 ஒலிகளை நினைவில் வைத்திருக்க ஒரு சிறிய லித்தியம் பேட்டரி உண்டு. கழற்றி மாற்றுகிற மாதிரி இல்லாமல் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது தீர்ந்துபோனால் உள்ளே இருக்கும் ஒலிகள் எல்லாம் குழம்பிவிடும். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். இந்த வகைக் கருவியை அவர் அதற்கு முன் திறந்ததில்லை. மேல்மூடியைத் தூக்கி, வெகு நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பழைய பேட்டரியின் ஈயத்தை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் பேட்டரி மாட்டும் சிறு கூடு ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். அடுத்த முறை யாரும் ஈயம் உருக்க வேண்டாம், கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பிலிருந்து, மின்னிசைக் கருவிகளை இணைக்கும் மிடி கேபிள் வழியாக ஒலிகளை அனுப்பினோம். கருவியின் சின்னத் திரையில் குப்பையாகக் கிடந்த எழுத்துகள் போய், 'இ.பியானோ 1' என்று தெளிவாக வந்தது. ஒரு கட்டையை அழுத்திக் கேட்டுவிட்டு, பேட்டரிக்கும் கூட்டுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். ஐயா, உங்கள் கை வேலை அன்று முழுக்க மேடையில் ஒலித்தது.

ஒத்திகைக்கு மாடி அறையைத் திறந்துவிட்ட செல்லூர் குடும்பத்துக்கும், அந்தத் தெருவுக்கும் நன்றி. சீக்வென்சரில் (பதிந்த சுரங்களைத் தானே வாசிக்கும் கருவி) ஓடும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு சோதனை என்று தெரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை. நெசவில் வாழ்ந்த ஒரு தாத்தா மட்டும் படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "தறி மாதிரியே நிக்காம ஓடுதேய்யா" என்றார். இந்த இசையை இதைவிடச் சரியாக யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை.

ரிதம் பேட் (மின்னணுத் தாளப் பலகை) வாசித்த அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்லிசை மேடையில் ஊறியவர். இடைவெளி கிடைத்தால் உருட்டி நிரப்புவதுதான் அவர் கைக்குப் பழக்கம். கைதட்டலும் அதற்குத்தான் விழும். எங்களுக்கோ ரோலண்ட் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 போன்ற, தானே தாளம் போடும் டிரம் மெஷின்களின் அடி வேண்டியிருந்தது. காதில் தாளக் கணக்கு காட்டும் கிளிக் ஒலி ஓட, நாலு நிமிஷமும் ஒரே அடியைக் கூட்டாமல் குறைக்காமல் அடிக்க வேண்டும். அதை ஒரு மனிதர் கையால் செய்வது எவ்வளவு கடினம் என்பது வாசிப்பவர்களுக்குத்தான் தெரியும். அண்ணன் தன் வித்தை அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு அதைச் செய்தார். அன்றைய கச்சேரியிலேயே பெரிய வாசிப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

"அடுத்தவன் பாட்டை எதுக்குடா வாசிக்கிறீங்க, சொந்தமா போடுங்க" என்று அக்கறையோடு கேட்ட நண்பர்களுக்கும் நன்றி. சிந்த்-பாப் என்றதும் பலருக்கு நினைவு வரும் 'டெய்ன்டட் லவ்' பாட்டே சாஃப்ட் செல் இருவர் 1981-இல் மறுபடி பாடியதுதான். அதற்கு முன் அறுபதுகளில் குளோரியா ஜோன்ஸ் பாடியது. பாட்டு பழையது, ஒலி புதியது. டிபெஷ் மோட், கிராஃப்ட்வெர்க் ஆகிய சிந்தசைசர் குழுக்களின் பாட்டுகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தபோது, எங்கே வாசிக்காமல் விடுவது என்பதைத்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். அதைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தவர், தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் எங்கள் அண்ணன். அவர் ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டே நோட்ஸ் எழுதித் தந்தார்.

நிகழ்ச்சியில் 1986-இல் வந்த 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாடலையும் சேர்த்தோம். வெளிநாட்டில் சிந்த்-பாப் கொடிகட்டிப் பறந்த அதே பத்தாண்டில், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா மின்னணு ஒலிகளை வைத்து என்ன செய்தார் என்று காட்டாமல் இந்த ஊரில் மேடை ஏறுவது நியாயம் இல்லை. முதல் வரிக்கே பின்வரிசை எழுந்து நின்றது. எழுந்தவர்களுக்கு நன்றி.

எங்கள் பாடகி அக்காவின் மாமியாருக்கு, குழு முழுவதும் கடன்பட்டிருக்கிறது. ஒத்திகை நாட்களில் பேரனைப் பார்த்துக்கொண்டது அவர்தான். அக்கா பாடியது யாசூ குழுவின் பாட்டு. வின்ஸ் கிளார்க் டிபெஷ் மோடை விட்டு வந்து, பாடகி அலிசன் மோயெட்டோடு யாசூ என்ற பெயரில் இசைக்கத் தொடங்கியது 1982-இல். இயந்திர ஒலிக்கு நடுவில் அந்தக் கனத்த குரல் வந்ததும் பாட்டே உருகும். அக்கா அதைப் பாடிய விதத்தைக் கேட்டவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அத்தை, அன்று நீங்களும் முன்வரிசையில் இருந்தது எங்களுக்குப் பெருமை.

சவுண்டு செட் அண்ணன் இல்லையென்றால் கச்சேரியே இல்லை. மாலையில் எல்லாவற்றையும் இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கரண்ட் இரைச்சல். லேப்டாப் ஒரு பக்கத்துச் சுவிட்சிலும் மிக்சர் வேறு பக்கத்துச் சுவிட்சிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவில் சுற்று உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்துவிடும். எர்த் ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அண்ணன் அதட்டிவிட்டார்: "பாடுற பிள்ளை மைக்கைத் தொட்டா ஷாக் அடிக்கும்யா!" எல்லாக் கருவிகளையும் ஒரே ஜங்ஷன் பெட்டிக்கு மாற்றி, லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் இரைச்சலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். இரைச்சல் நின்றது. அவசரத்திலும் ஆளைக் காப்பாற்றும் புத்தி அவருக்கு முதலில் வந்தது. அதற்காகவே அவருக்கு ஆயிரம் நன்றி. ஜெனரேட்டர் அருகிலேயே கடைசிவரை நின்ற தம்பிக்கும், பருத்திப்பால் கொண்டுவந்து தந்த அக்காவுக்கும், சாமான் ஏற்றி இறக்கிய கல்லூரி மாணவர்களுக்கும் எங்கள் அன்பு.

டிஎக்ஸ்7-ஐ ஐயா வீட்டில் ஒப்படைக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஒத்திகை அறையிலேயே இருக்கட்டும், கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் தொட்டு வாசிக்கட்டும் என்றார். தானும் ஞாயிறு மாலைகளில் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். சிந்தசைசர் பழக ஆசைப்படும் மாணவ மாணவியர் ஞாயிறு மாலை செல்லூருக்கு வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஹெட்ஃபோன் இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
குழுவினர் நால்வர் சார்பில், கீபோர்டு வாசிப்பவன்