கையடக்க ஜிபிஎஸ் பயிற்சி: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்புடைய உறுப்பினர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை வலைக்கூடத்தில் நடைபெறும் பயிற்சிக்கு, ஒவ்வொருவரும் தமது சொந்தக் கருவியையும் மாற்று பேட்டரியையும் தவறாமல் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் கவனிக்க வேண்டியது இடக்குறியின், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின், வடிவம். திரையில் 7° 55.500' என்று இருப்பதை 7 டிகிரி, 55 நிமிடம், 50 விநாடி என்று எழுதிக் கொடுத்தால், அதை வாங்கிக்கொள்பவர் 600 மீட்டருக்கும் மேல் விலகிப்போய் வலை விடுவார், ஏனெனில் அந்த .500 என்பது அரை நிமிடம், அதாவது 30 விநாடி. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆகவே மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைத் தெரிவிக்கும் இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் மீன்வள அறிவிப்பில் உள்ள இடத்தைக் கருவியில் பதியும்போதும், அடுத்த படகுக்குக் குறி கொடுக்கும்போதும், இரு பக்கமும் ஒரே வடிவம்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சேமித்த குறிக்குச் செல்லுமாறு கட்டளையிட்டால், சாதாரணக் கருவி நேர்கோட்டையே காட்டும். இடையிலுள்ள பாறையையோ துறைமுகத் தூண்டில் வளைவையோ (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) அது அறியாது. எனவே திரும்பும் வழியை, குறிப்பாக இரவில் கரை சேரும் வழியை, பல குறிகளாகப் பிரித்துப் பதிவது நல்லது. மின்னணு திசைகாட்டி இல்லாத கருவிகள் படகு நகரும்போது மட்டுமே திசையைச் சரியாகக் காட்டும்.

ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தை உடனே பதியும் எம்ஓபி வசதியை அனைவரும் செய்து பார்க்க வேண்டும். கணியம் பார்க்க, அதாவது கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடத்தைக் கணிக்க, தெரிந்த மூத்தவர்களும் வாருங்கள்; பேட்டரி தீர்ந்தால் அதுவே துணை.