பூஞ்சிட்டு இல்லாத பந்தயம்

அன்புள்ள அத்தானுக்கு,

நம் ரேஸ் காரை, அந்தப் பழைய மாருதி எஸ்டீமை, விற்கப் போகிறீர்கள் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். போன் செய்தால் வயலில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலோடு முடித்துவிடுவீர்கள். அதனால் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். நாலு பேர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதுல ஆசையே இல்லடா. நாம மட்டும் போயி என்ன பண்றது?" என்றீர்களாம். இங்கேதான் எனக்கும் உங்களுக்கும் சண்டை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார் பந்தயம் ஓடியபோது, என் லேத் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் கும்பகோணத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். டிக்கெட், சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு. ஒரு வாரம் பட்டறையில் வேறு பேச்சே இல்லை. அப்புறம் சின்னவன் கேட்டான்: "அண்ணே, நாம ஓட்டணும்னா என்ன பண்ணணும்?" நம் கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் படித்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு லேத்துக்குப் போய்விட்டான்.

நீங்கள் அந்த நோட்டைப் பார்த்தே பல வருஷம் இருக்கும். கடைசியாகச் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய்வந்த செலவு 61,000 ரூபாய். டயர் நாலு, நுழைவுக் கட்டணம், பெட்ரோல், காரை ஏற்றிப் போன டாடா 407 லாரி வாடகை, லாட்ஜ். எங்கும் மோதவில்லை, எஞ்சின் பிரிக்கவில்லை, அப்படியும் இவ்வளவு. உங்கள் கணக்கில் சொல்கிறேன்: நெல் குவிண்டாலுக்கு 2500 ரூபாய் என்று போட்டால், மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், நிலத்தின் கண்டுமுதல் மொத்தமும் இரண்டே நாளில் புகை. அதுவும் உழவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை எதையும் கழிக்காமல்.

பாதுகாப்புச் சாமான் விலையைப் பற்றி நான் முணுமுணுக்க மாட்டேன். எஃப்.ஐ.ஏ. (உலகக் கார் பந்தய அமைப்பு) முத்திரை போட்ட சீட் பெல்ட்டுக்கு 5 வருஷம்தான் ஆயுள், தேதி முடிந்தால் பந்தயத்துக்கு முன்னால் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் கையைக் காட்டி வெளியே அனுப்புவார்கள். சரிதான், உயிர் விஷயம். ஆனால் எஸ்டீம் உற்பத்தி 2007-லேயே நின்றுவிட்டதே! முன்பெல்லாம் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் ஒரு சுற்று சுற்றினால் எஞ்சின் ஹெட்டே கிடைக்கும். மாருதி ஜிப்சியின் எஞ்சினும் அதே 1300 சிசி குடும்பம் என்பதால் அதன் சாமானை வைத்துக் கொஞ்ச நாள் சமாளித்தோம். 2019-ல் அதுவும் நின்றது. இப்போது பழைய சாமானைத்தான் சுரண்டிச் சுரண்டிப் போடுகிறேன். கடைசியாகப் போனபோது நம் பிரிவில் நின்றது எண்ணி ஏழு கார். அதில் இரண்டு பேர் நம்மிடமே ஸ்பேர்ஸ் கேட்டார்கள்.

சரி, செலவு மட்டும்தான் காரணமா? போன வருஷம் பேராவூரணிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? ஒரு ஜோடி பெரிய மாடு லட்சக்கணக்கில் போகிறது. பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம் என்று தினமும் தீனிச் செலவு. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017-ல் சட்டம் வந்து மறுபடி ஓடியது. நடுவில் மூன்று வருஷம் மாடு தொழுவத்தில் சும்மா நின்றது. அப்படியும் ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்க இடமில்லை. காரணம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவுப்படி பிரிவு பிரிவாக விடுகிறார்கள். பூஞ்சிட்டு என்றால் சின்ன மாடு. கையில் காசு குறைவா? பூஞ்சிட்டைப் பூட்டிக்கொண்டு வா. ஓடும் தூரமும் குறைவு. ஆனால் அதே ரோடு, அதே கூட்டம், அதே விசில்.

கார் பந்தயத்திலும் பூஞ்சிட்டு இருந்தது அத்தான். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டினாரே, அதுதான். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் ஓட்டியதும் அதைத்தான். இப்போது அந்த மாதிரிப் பிரிவுகளில் பெரும்பாலும் கார் பந்தயம் நடத்துகிறவர்களுடையதோ டீம்களுடையதோதான். மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அதில் ஓட்டுகிறவனுக்கு இடமுண்டு. பட்டறையில் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பிக்கூண்டு) வெல்டிங் வைத்து, ராத்திரி முழுக்க எஞ்சின் டைமிங் பார்த்து, அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு எங்கே இடம்?

அமெரிக்காவில் சில மண் தட ரேஸ்களில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவனின் எஞ்சினை, முன்பே அறிவித்த விலைக்குத் தோற்றவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தர மாட்டேன் என்றால் பரிசு போச்சு. எஞ்சினில் லட்சத்தைக் கொட்டுகிறவனுக்கு அந்த ஒரு விதி போதும், கை தானாக இழுத்துக்கொள்ளும். இங்கே அதையும் வைத்து, பழைய 800-க்கு ஒரு பிரிவு, சாதாரண ரோட்டு டயர் என்று யாராவது அறிவிக்கட்டும். நம் பையன்கள் இரண்டு பேரும் மறுநாளே கார் தேடப் போவார்கள். (அறுத்த வயலில் நாமே ஓட்டிப் பார்க்கலாமே என்று பெரியவன் கேட்டான். அக்கா அதில் உளுந்து தெளித்திருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அக்கா அவனைத் தெளித்துவிடும்.)

ஆகவே காரைக் கொடுக்காதீர்கள். கேட்டு வந்திருக்கும் ஆள் அதை எடைக்குப் போடுகிறவன் என்றும் அக்கா சொன்னது. அடுத்த போட்டிக்கு நீங்கள், நான், பையன்கள் என்று செலவை நாலாகப் பிரிப்போம். பயிற்சி, லைசென்ஸ் எல்லாம் முடித்தால்தான் சின்னவன் ஓட்ட முடியும். அதுவரை நீங்கள் ஓட்டுங்கள், அவன் டயர் கழற்றட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி வருகிறேன், பையன்களும் வருகிறார்கள். அதற்குள் பேட்டரியைக் கழற்றி டிராக்டருக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்