ராணி மேவின் தலைமேல் ஏற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அயர்லாந்துப் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஸ்லைகோவில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் வீட்டில் வந்து தங்கி எனக்கு நான்கு மாதம் ஆகிறது. பல் தேய்க்கும்போதே ஜன்னலில் தெரிகிற நாக்னரே மலையைப் பற்றி நம் பத்திரிகையில் படிப்பதென்றால் சும்மாவா! ஆனால் கடைசிப் பத்தியில், உச்சியில் உள்ள கற்குவியலின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அது வெறும் கற்குவியல் இல்லை, அயர்லாந்துப் பழங்கதைகளில் வரும் ராணி மேவின் சமாதி என்று ஊர் சொல்லும் இடம்.

மலை ஒன்றும் பெரிதில்லை, 327 மீட்டர்தான். ஸ்ட்ராண்ட்ஹில் பக்கமிருந்து மரப்படிகள் போட்ட வழி ஒன்று உண்டு. நாங்கள் போனது இன்னொரு பக்கத்துக் கல்பாதை. அறுபத்து நான்கு வயதுக் கால்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பேத்தி அதற்குள் இரண்டு தடவை ஏறி இறங்கியிருப்பாள். மழைக்கு இருக்கட்டும் என்று குடை எடுத்துப் போனேன். அட்லாண்டிக் கடலை எதிரே வைத்துக்கொண்டு குடை விரிக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்பது, குடை மேல்நோக்கிப் புரண்டுகொண்ட பிறகுதான் உறைத்தது.

ஏறி முடித்ததும் மேடை போலச் சமதரை. அதன் நடுவில் அந்தக் கற்குவை. அடிவாரத்திலிருந்து பார்க்கும்போது மலைக்கு ஒரு கொண்டை போட்டது மாதிரி சின்னதாகத்தான் இருந்தது. கிட்டே போனால் சுமார் 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். மூன்று மாடி வீட்டை அண்ணாந்து பார்ப்பது போல இருக்கிறது. கட்டி ஏறக்குறைய 5,000 வருடம் ஆகிறது என்கிறார்கள். உள்ளே கல்லறைக்குப் போகும் நடைவழி இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். இருக்கலாம்தான், ஏனென்றால் இதுவரை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. ஊகிப்பதற்கும் மிச்சம் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பிடித்துப்போன விஷயம் இது.

ஊர்க்காரர்களுக்கு ஊகமெல்லாம் தேவையில்லை. உள்ளே இருப்பது கொனாக்ட் நாட்டு ராணி மேவ். படுத்திருக்கவில்லை, ஆயுதத்தோடு நிற்கிறாள், முகம் பகைநாடான அல்ஸ்டரைப் பார்த்தபடி. அந்தப் பகை எதனால் முற்றியது தெரியுமா? ஒரு காளையால். ராணியும் கணவன் அய்லிலும் ஒருநாள் யாருடைய சொத்து அதிகம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். பாத்திரம் பண்டத்திலிருந்து பன்றிக் கூட்டம் வரை எல்லாம் சரிசமம். அவனிடம் ஒரு வெள்ளைக்கொம்புக் காளை மட்டும் கூடுதல். விடுவாளா? அதற்கு ஈடாக அல்ஸ்டரில் கூலி (Cooley) என்ற பகுதியில் இருந்த பழுப்புக் காளையைப் பிடித்துவரப் படையோடு கிளம்பிவிட்டாள். ஆநிரை கவர்தல் என்று இலக்கண வகுப்பில் படித்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்லத் தேவையில்லை.

அவள் செத்த கதை இன்னும் விசித்திரம். லாக் ரீ ஏரியில் குளித்துக்கொண்டிருந்தவளை, அவளால் கொல்லப்பட்ட அக்காவோ தங்கையோ ஒருத்தியின் மகன் கவணில் குறி வைத்து அடித்தான். கவணில் வைத்தது கல் அல்ல, காய்ந்து இறுகிய பாலாடைக்கட்டி! இந்தச் சமாதிக்கு மிஸ்கான் மேவ் என்று பெயர். மிஸ்கான் என்றால் உருட்டி வைத்த வெண்ணெய் என்று பொருள் சொல்கிறார்கள். மாட்டுக்காகப் போருக்குப் போனவளைப் பால் பொருள் பாடாய்ப் படுத்துகிறது.

சரி, கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இந்தக் கல்லறைக்கும் இடையே மூவாயிரம் வருடம் இடைவெளி. போதாக்குறைக்கு அவள் அரண்மனை இருந்த ராத்குரோகனிலும் அவள் சமாதி இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். உள்ளே இருப்பது மேவோ, பெயர் மறந்துபோன வேறு யாரோ, யாரையோ வைத்து மூடியிருக்கிறார்கள் அல்லவா?

அடிவாரத்திலிருந்து ஒரு கல் எடுத்துப்போய்ச் சமாதியில் சேர்த்தால் நல்லது நடக்கும், அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து வந்தால் கெடுதல் வரும் என்பது பழைய நம்பிக்கை. பிரச்சினை கல் கொண்டுபோவதில் இல்லை, அதை உச்சியில் வைக்கிறேன் என்று ஏறுவதில்தான். நாங்கள் போன அன்றும் ஒரு இளைஞர் மேலே இருந்தார். இறங்கும்போது அவர் பூட்ஸுக்கு அடியிலிருந்து கற்கள் கலகலவென்று சரிந்து எங்கள் காலடி வரைக்கும் வந்தன. சாந்து பூசாமல் அடுக்கிய கல். ஒருவர் ஏறினால் நாலு கல், ஆயிரம் பேர் ஏறினால்? ஏறாதீர்கள் என்று பாதையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். கட்டுரை எழுதியவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

ஊர்க்காரர்கள் இந்தக் கற்களை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மலைக்குக் கீழே கேரோமோரில் இதே மாதிரி பழைய கல்லறைகள் நிறைய இருக்கின்றன. சரளைக் கல்லுக்காகத் தோண்டியே பலவற்றை ஒழித்துவிட்டார்கள். எண்பதுகளில் அதன் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வைக்க ஏற்பாடு நடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார்கள். நாக்னரே உட்பட இந்த ஸ்லைகோ கல்லறைகளை 2022-ல் அயர்லாந்து அரசு உலக பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனி கூட்டம் கூடத்தான் செய்யும். அதனால்தான் அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடச் சொல்லிக் கேட்கிறேன். படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் கற்குவைக்குக் கீழே நின்றே எடுக்கலாம். பென்புல்பன் மலையும் கடலும் அங்கிருந்தே தெரிகின்றன.

இதையெல்லாம் எழுத எனக்கு முழுத் தகுதி உண்டா என்றால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து துணி துவைக்கப் போடும்போது பேத்தியின் கோட்டுப் பையில் முட்டை வடிவத்தில் ஒரு சாம்பல் கல் இருந்தது. எங்கே எடுத்தாய் என்றால், “அது தானா உருண்டு வந்துச்சு தாத்தா” என்கிறாள். கெடுதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு அந்தக் கல்லோடு மறுபடி ஏறினோம். இந்தத் தடவை குடை எடுத்துப் போகவில்லை.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஸ்லைகோ, அயர்லாந்து