கொசு உள்ளானும் புறா மாமாவும்: ஒரு நன்றி மடல்

எண்ணூர் முகத்துவாரத்துக் கரையில் அன்று உடனிருந்த எல்லோருக்கும் வணக்கம்.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், கிழிந்து கிடந்த நைலான் வலையில் கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவை ஒன்று சிக்கித் துடித்ததை முதலில் பார்த்தவன் நான். பார்த்ததோடு சரி, கையை வைக்கப் பயம். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அண்ணன்தான் எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை அதன் தலைமேல் போட்டார். கண் மறைந்ததும் பறவை அடங்கிவிட்டது. பிளேடால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இருபது, முப்பது கிராம்தான் இருக்கும். எடை தெரியவில்லை, நெஞ்சு படபடப்பது மட்டும் தெரிந்தது.

காலில் ஒரு உலோக வளையம். வடசென்னையில் வளையம் என்றால் வேறென்ன தோன்றும்? "பந்தயப் புறா வளையம்ணா, கழட்டிடலாம்" என்றார்கள் பையன்கள். நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். அண்ணன் மட்டும், "இருங்க, காசிமேட்டு மாமாவைக் கேட்போம்" என்று வீடியோ காலில் பிடித்தார்.

மாமா ஒரு பார்வைதான் பார்த்தார். "புறாவுக்குக் குஞ்சிலேயே போட்டுடுவோம், அதுல இணைப்பே இருக்காது. இதுல வாய் தெரியுது பாரு, குறடு வச்சு மூடியிருக்காங்க. காட்டுப் பறவைக்குப் போடுறது. கழட்டாதே. நம்பரைப் படம் புடிச்சுட்டு விட்டுடு."

வளையத்தை மெல்லச் சுற்றிச் சுற்றி ஏழெட்டுப் படம் எடுத்தோம். துண்டை விலக்கியதும் பறந்து போய், எதிர்ச் சேற்றில் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல இரை பொறுக்க ஆரம்பித்துவிட்டது!

அப்புறம் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பறவை இப்ப எங்கே?" "பறந்துடுச்சு சார்." "அப்ப என்ன புகார்?" சரி, விடுங்கள்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். நான் 3 என்று படித்ததை அவன் 8 என்றான். அவன் சொன்னதுதான் சரி. வளையத்தில் பம்பாய் என்று இருந்ததைப் பார்த்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதித் தந்தது எதிர்வீட்டுக் கல்லூரித் தங்கை. எண், தேதி, இடம், உயிரோடு விட்டோம் என்ற விவரம், எதையும் விடவில்லை. 1927 முதல் பறவைகளுக்கு வளையமிடுகிறார்களாம் அவர்கள்.

மாசியில் பதில் வந்தது. வளையம் போட்டது கோடியக்கரையில். இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். மாமாவிடம் சொன்னேன், அது சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு வரும் சாதி என்பதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நம்ம புறா ஒரு நாள் தாமதமானாலே எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்கு இன்னொன்று பாக்கி: அந்தக் கிழிந்த வலையை அன்றே சுருட்டி எடுத்துப் போனீர்கள், அதை இப்போதுதான் சொல்ல முடிந்தது.